தொட்டுக் காட்டச் சொன்னவள்

அவள் பேரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு வசவாகத்தான். மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் விடுப்பில் இருந்துவிட்டு பிஸ்கட் கம்பெனிக்குத் திரும்பிய அன்று, கேன்டீன்காரர் கரண்டியைத் தட்டில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"அந்த இருங்கக்கா இந்தக் கம்பெனியில இருக்கற வரைக்கும் ஒரு காரியம் சட்டுனு நடக்காதும்மா!"

"யாரு அது இருங்கக்கா?" என்றேன்.

"உங்க பாக்கிங்லதான், புதுசு. எதைச் சொன்னாலும் 'கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க'ன்னு கையைத் தூக்கும். நேத்து என்கிட்ட வந்து, இனிமே சோறுன்னு கத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போகுது. இருபது வருஷமா சோறுன்னுதான் கத்துறேன். வேற என்னன்னு கத்துறது, தலையணைன்னா?"

விஷயம் இதுதான். நான் இல்லாத இரண்டு மாதத்தில் மாவு பிசைகிற பகுதிக்கு இந்தி பேசுகிற ஆட்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பேச்சில் 'சோர்' என்றால் திருடன். இவர் தட்டை அடித்து "சோறு! சோறு!" என்று கத்தியதும், அந்த முப்பது பேரும் எழுந்து நாலு பக்கமும் ஓடியிருக்கிறார்கள். ஒருத்தர் போய் கேட்டையே சாத்திவிட்டாராம். அன்றைக்கு அவர்களை உட்கார வைத்து விளக்கியவள்தான் இந்த இருங்கக்கா.

யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் ஒருத்தியோடு ஒரே மேஜையில் நின்று பாக்கெட் அடுக்க எனக்குக் கை வராது. மத்தியானம் அவள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஐந்தாவது கேள்விக்குள் ஆள் அகப்பட்டுவிட்டாள். என் ஓரகத்தியின் சித்தி மகள்! எனக்குத் தங்கை முறை. ஓரகத்தி கல்யாணத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்த சின்னப் பெண்.

"அடியே, நீயா?" என்றேன்.

"கொஞ்சம் இருங்கக்கா, எண்ணிட்டிருக்கேன்," என்றாள். பன்னிரண்டு பாக்கெட்டையும் பெட்டியில் வைத்து மூடி, நாடா ஒட்டி, பெல்ட்டில் தள்ளிவிட்ட பிறகுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாக்கா, நான்தான்."

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமானதும் தொலைவில் ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே பத்து அறை ஒரே வரிசையாக, பத்து வீட்டுக்கும் ஒரே குழாய். ஒன்பது வீட்டுக்காரர்கள் இந்தி பேசுகிறவர்கள். பதினாலு வருஷம் குடத்தை வைத்துக்கொண்டு நின்றே அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். சண்டை போட முதலில் கற்றுக்கொண்டாளாம், சமாதானம் பேச அப்புறம். பிறகு புருஷனுக்கு முதுகுத்தண்டில் ஏதோ நழுவி, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்கிற ஒரே மகளையும், படுத்த புருஷனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பாக்கெட் அடுக்க வந்தவள் பேச்சு வேலைக்குப் போனது ஒரு நாக்கினால். முதலுதவி அறையில் இருந்த நர்ஸம்மா நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். மாவு பிசைகிற பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், உருண்டையான மனிதர், புருவத்திலும் மீசையிலும் எப்போதும் மாவு. நாங்கள் அவரை மாவுக்காரர் என்றே கூப்பிடுவோம். மாவுத் தூசி ஏறி அவருக்கு மூக்கு எரிந்திருக்கிறது. "நாக், நாக்" என்றார். நர்ஸம்மா, "நாக்கா? எங்கே, நீட்டு," என்று தன் நாக்கை நீட்டிக் காட்ட, அவரும் மரியாதைக்கு நீட்ட, ஊதா மருந்தை எடுத்து நன்றாகத் தடவி அனுப்பிவிட்டார். மறுநாளும் வந்தார், மறுநாளும் தடவல். மூன்றாம் நாள் இவள் விரலில் பிளாஸ்திரி ஒட்ட அங்கே போயிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க நர்ஸம்மா. எங்க வலிக்குதுன்னு வாயால கேக்காதீங்க. தொட்டுக் காட்டச் சொல்லுங்க."

அவர் மூக்கைத் தொட்டார். அவர்கள் பேச்சில் 'நாக்' என்றால் மூக்கு. நர்ஸம்மா சிரித்துவிட்டார். மூன்று நாளாக ஊதா நாக்கோடு திரிந்த மாவுக்காரர் சிரிக்கவில்லை. இவளைப் பார்த்து, "தீதி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தீதி என்றால் அவர்களுக்கு அக்கா. அன்றிலிருந்து முப்பது பேருக்கும் அவள் தீதி. கேன்டீன்காரர் அதைக் கேட்டுவிட்டு, "தீதுன்னு கூப்பிடறாங்களா? ஆள் பார்த்துத்தான் கூப்பிடறாங்க," என்றார்.

இந்தக் கதை மேனேஜர் காதுக்குப் போய், அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டார்கள். லீவு கேட்பது, உடம்பு சரியில்லை என்பது, குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகுவது என்று அந்த முப்பது பேரின் பேச்சு எல்லாமே அவள் வழியாகத்தான் போகும். பாக்கிங் வேலையும் பார்க்க வேண்டும், அதுவும் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் நோட்டுப் போட்டாள். மகளுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். நமக்கு ஒரு பொருளும் அவர்களுக்கு ஒரு பொருளுமாக இருக்கிற வார்த்தைகளை எதிரெதிரே எழுதி, பக்கத்தில் சின்னதாகப் படம் போட்டு வைத்தாள். எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், படம் மட்டும் அழகாக இருக்கும். நமக்குக் கண், அவர்களுக்குக் 'கான்' என்றால் காது. நமக்குக் கால், அவர்கள் ஏறக்குறைய அதே மாதிரி சொன்னால் கன்னம். நமக்குப் பேர், அவர்களுக்கு அது பாதம். இந்தப் பேரினால் வாட்ச்மேன் ஒரு புகாரே எழுதிக் கொடுத்திருக்கிறார். புதிதாக வந்த ஆளிடம் "பேர்?" என்று அதட்டியிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய்க் காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். "முதல் நாளே என்னை உதைக்க வந்தான்" என்று புகார்.

நான் ஒரு நாள் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டேன்: "இவ்வளவு ஒத்துப் போகுதே, ஒரு காலத்துல ஒண்ணா இருந்து பிரிஞ்ச சொந்தமா இருக்குமோடி?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் அக்கா. நூலகத்துல ஒரு அம்மா தடித்தடியா புத்தகம் எடுத்துப் பார்த்துச் சொன்னாங்க. இதுங்க எல்லாம் வேற வேற வீட்டுப் பிள்ளைங்களாம். மூஞ்சி மட்டும் தற்செயலா ஒத்துப்போயிருக்கு. சாவி, அலமாரி மாதிரி சிலது இருக்கு பாருங்க, அது ரெண்டு வீட்டுக்கும் ஒரே வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டுவந்து கொடுத்தது. அது சொந்தம். மத்ததெல்லாம் சும்மா சாயல்."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. என் பெரியப்பா மகன் ஒருத்தன் அச்சு அசலாக எங்கள் தெரு சலூன்காரர் போலவே இருப்பான். தெருவே கிண்டல் பண்ணும். இரண்டு குடும்பத்தையும் ஏழு தலைமுறைக்கு நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒட்டும் இல்லை உறவும் இல்லை. என் தாய்மாமா பிள்ளைகளோ ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டையர். ஒருத்தன் பனைமரம், இன்னொருத்தன் பூசணிக்காய்.

கொரியாவிலிருந்து புது அடுப்பு ஒன்று வந்து இறங்கியபோதும் இதே கூத்து. அதைப் பூட்ட வந்த என்ஜினீயர் பிள்ளையோடு போனில் பேசுகிறார், "அப்பா, அப்பா" என்கிறார். அம்மா என்பதற்கும் ஏறக்குறைய நம்முடையதைப் போலவே ஒரு வார்த்தை. பாக்கிங் ஹாலே பரவசமாகிவிட்டது. வாட்ச்மேன் உள்ளே ஓடி வந்து, "நம்ம ஆளுங்கம்மா! ஒரு காலத்துல இங்கேருந்து போனவங்கதான்!" என்று அந்த என்ஜினீயரைக் கட்டிப் பிடிக்காத குறை.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாள் இவள். "எந்த ஊர்க் குழந்தையும் வாயைத் திறந்தா முதல்ல வர்ற சத்தம் அதுதான். அதை வச்சு மாப்பிள்ளை பார்த்துடாதீங்க."

"உனக்கு யாரும் சொந்தமாயிடக் கூடாது, அப்படித்தானே?"

"ஆகட்டும். விசாரிச்சுட்டு ஆகட்டும்."

இதுதான் அவள் குணம். அதையே ஒரு வேலை முறையாக ஆக்கிக்கொண்டாள். யார் என்ன சொல்ல வந்தாலும் முதலில் தொட்டுக் காட்ட வேண்டும். பொருளானால் பொருளை, உடம்பானால் உடம்பை, ஆளானால் ஆளை. பிறகு வாயால் சொல்ல வேண்டும். அவள் எழுதுவாள். எழுதியதை அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லுவாள். அவர்கள் தலையாட்டினால் போதாது, தங்கள் வாயால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. ஒரு நாள் லீவுச் சீட்டுக்குக்கூட இத்தனையும். லீவு, வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸில் பல்லைக் கடிப்பார்கள். அந்த முப்பது பேருக்கோ அது பழகிப்போய், தீதி திருப்பிச் சொல்லாத காகிதம் எதிலும் கை வைக்க மாட்டோம் என்று ஆகிவிட்டது.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. அப்புறம்தான் மாவுக்காரர் கை போனது.

பிசைந்த மாவைத் தகடாகத் தேய்த்துத் தள்ளுகிற இரட்டை உருளை ஒன்று உண்டு. அதற்கு மேலே கனமான இரும்பு மூடி, ஆறு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மாவு சிக்கினால் மூடியைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பூட்ட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை மிச்சம் பிடிக்க, மெஷின் பார்க்கிற ஃபிட்டர் மூடியைக் கழற்றிச் சுவரோரமாகச் சாத்திவிட்டார். அந்த ஃபிட்டர் யார் என்றால், மேனேஜருடைய மச்சினன். மேனேஜர் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. மூடியில்லாமல் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் காலையில் மாவுக்காரருடைய வலது கையை உருளை இழுத்துக்கொண்டது. யாரோ சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினார்கள். அப்போது கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. இரண்டு விரல் போய்விட்டது.

கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனவள் இவள்தான். மறுநாள் அவர் கண்ணைத் திறந்து பேசியதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவளும் இவள்தான்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறைக்கும் டைம் ஆபீஸுக்கும் நடுவே அரை ஆள் உயரக் கண்ணாடித் தடுப்புதான். நான் ஒரு ஷிப்ட் மாற்றச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றேன். உண்மையைச் சொன்னால், சீட்டை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் ஒரு காகிதத்தை அவள் பக்கமாக நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போடும்மா. நாளான்னைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாங்க, ஃபைல்ல இருக்கணும்."

அவள் வாய்விட்டு வாசித்தாள். அவள் எதையுமே வாய்விட்டுத்தான் வாசிப்பாள். "வேலை சீக்கிரம் முடியணும்னு நானே மூடியைக் கழற்றினேன். யாரும் என்னைக் கழற்றச் சொல்லவில்லை." கீழே அச்சடித்த வரி: "இந்த வாக்குமூலம் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்பட்டு, அவர் ஒப்புக்கொண்டார்." அதற்குக் கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"சார், இதை அவருக்கு நான் எப்ப வாசிச்சுக் காட்டினேன்?"

"காட்டின மாதிரிதான்மா. நீ ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போனேன். காட்டின மாதிரி வேற, காட்டினது வேற சார். அவர் சொன்னதும் இது இல்ல. மூடியை ஃபிட்டர் கழட்டினார், மூணு நாளா போடச் சொல்லிக் கேட்டேன்னு சொன்னார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீயே ஒரு நோட்டு வச்சிருக்க, இல்லையா? அவங்க வார்த்தையும் நம்ம வார்த்தையும் ஒரே மாதிரி இருக்கும், அர்த்தம் வேறன்னு. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கறாங்க, நாக்கு, மூக்குன்னு. அப்படி அவன் ஏதோ சொன்னதுல உனக்குக் குழப்பமாயிடுச்சுன்னு வச்சுக்குவோமே. தப்பு யார் மேலயும் இல்ல. மொழி அப்படி."

"குழம்பிடக் கூடாதுன்னு போட்ட நோட்டு சார் அது."

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் இன்னும் படுக்கையிலதானே?"

அவள் காகிதத்தை நாலு மூலையும் சரியாக வைத்து அவர் பக்கமாகத் திருப்பி நகர்த்தினாள்.

"ஆமா சார். படுக்கையிலதான். ஆனா அவருக்குக் கை ரெண்டும் முழுசா இருக்கு."

வெளியே வந்தவளை நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "போட்டுத் தொலைடி," என்றேன். "அவன் ஊர் பேர் தெரியாதவன், நாளைக்கு ஊருக்குப் போயிடுவான். உன் பொண்ணு பத்தாவது. உனக்கு யாரு இருக்கா?"

"அக்கா, அந்தக் காகிதம் ஃபைலுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? விதியை மீறினான்னு வேலையை விட்டு எடுத்துடுவாங்க. குவார்ட்டர்ஸை ஒரு வாரத்துல காலி பண்ணணும். ரெண்டு பொண்ணுங்க, பொண்டாட்டி, இந்தக் கை. ஊர் பேர் தெரியாதவன்ங்கறீங்க. எனக்குத் தெரியும். எழுதி வச்சிருக்கேன்."

"ரொம்பத்தான் துள்ளாத."

"நீங்க ரொம்பத்தான் குனியாதீங்க."

அதோடு என்னிடம் பேசவில்லை. மறுநாள் மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு அவளைத் தூள் அறைக்கு அனுப்பினார்கள். உடைந்த பிஸ்கட்டைக் கூட்டிச் சாக்கில் அள்ளுகிற இடம் அது. சன்னல் கிடையாது, வாசனை தொண்டையில் ஒட்டும், சாயங்காலம் பார்த்தால் ஆளே பிஸ்கட் நிறத்தில் இருப்பார்கள். தண்டனைக்கு அனுப்புகிற இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் போய் ஒரு துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, மூன்று வருஷமாக யாரும் கூட்டாத மூலையையெல்லாம் கூட்டினாள். "இந்த அறை இப்பத்தான் அறை மாதிரி இருக்கு," என்று அங்கிருந்த கிழவர் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலை எங்கள் எல்லோரையும் மாவு ஹாலில் நிற்க வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, மார்போடு அணைத்த ஃபைல். மாவுக்காரர் கையில் பெரிய கட்டோடு வந்திருந்தார். மொழி பெயர்க்க மேனேஜருடைய கார் டிரைவர். அவருக்கு இந்தி, சினிமா பார்த்து வந்தது. காதலைச் சொல்லவும், எதிரியை எச்சரிக்கவும் நன்றாக வரும். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் வராது.

இன்ஸ்பெக்டரம்மா வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். "இதை அவருக்குச் சொல்லி, சம்மதமான்னு கேளுங்க."

டிரைவர் காகிதத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். மாவு ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மாவுக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினார். காணவில்லை என்றதும் நேராக உருளைப் பக்கம் நடந்து போய், இடது கையை மூடியின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது மூடி பூட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று முந்தின நாள்தான் பூட்டியிருந்தார்கள்.

"என்ன சொல்றார்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"அது வந்து... மெஷின் நல்ல மெஷின்னு சொல்றான் மேடம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் தூள் அறைக் கதவு திறந்தது. தலையில் துணி, கையில் துடைப்பம், கண் இமையெல்லாம் பிஸ்கட் தூள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

மேனேஜர் முகம் கறுத்தது. "உன்னை யாரு கூப்பிட்டா? போய் வேலையைப் பாரு."

"அவர் கூப்பிடறார் சார். பாருங்க, தொட்டுக் காட்டிக்கிட்டு நிக்கறார். நான் திருப்பிச் சொல்ற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருப்பார்."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க யாரு?"

"மூணு வருஷம் இவங்க பேச்சை நான்தான் சொன்னேன் மேடம். இப்போ தூள் கூட்டுறேன்."

"ஏன்?"

"அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடலை."

மேனேஜர், "மேடம், இவங்களுக்கு அந்த மொழி முழுசாத் தெரியாது, வார்த்தைகளை மாத்திப் புரிஞ்சுக்குவாங்க, இவங்களே அதை நோட்டுப் போட்டு..." என்று ஆரம்பித்தார்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சரி மேடம், என்னை நம்ப வேணாம். அவரையும் வாயால கேக்க வேணாம். நடந்ததைத் தொட்டுக் காட்டச் சொல்றேன். நீங்க உங்க கண்ணால பாருங்க. பார்த்தது தப்புன்னா என்னை அப்புறம் கேளுங்க." பிறகு மாவுக்காரரைப் பார்த்து நாலே வார்த்தை சொன்னாள்.

அவர் மூடியைத் தொட்டார். ஒவ்வொரு போல்ட்டாக ஆறையும் தொட்டார். தன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார், காலி. பக்கத்தில் நின்ற மாவு ஆட்களின் இடுப்பைத் தொட்டார், காலி. பிறகு நேராக ஃபிட்டரிடம் போனார். அவர் இடுப்பில் தொங்கிய வளையத்தைத் தொட்டார். அந்தப் போல்ட்டைத் திருகுகிற ஆறுமுகச் சாவி அதில்தான் இருந்தது. திரும்ப வந்து, மூடி சாத்தியிருந்த சுவரைத் தொட்டார். மூன்று விரலை உயர்த்தினார். கடைசியாகக் கட்டுப் போட்ட கையை உருளைக்கு நேராக நீட்டினார். அப்படியே நின்றார்.

இன்ஸ்பெக்டரம்மா ஃபிட்டரைப் பார்த்தார். "இந்தச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

ஃபிட்டர் மேனேஜர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"என்கிட்ட மட்டும்தான் மேடம்."

பழைய காகிதத்தை ஃபைலில் தனியாக வைத்துவிட்டு, அந்த அம்மா ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து புதுசாக எழுதினார். ஒவ்வொரு வரியையும் இவள் மாவுக்காரருக்குச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லி, ஒரு இடத்தில் அவர் இல்லை என்று கையை ஆட்ட, அந்த வரியை அடித்து மறுபடி எழுதி, முக்கால் மணி நேரம் ஆனது. இன்ஸ்பெக்டரம்மா ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை. கடைசியில் அந்த அச்சடித்த வரி வந்தது. இவள் அதை வாய்விட்டு வாசித்தாள். "இப்ப இது நடந்துச்சு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மாவுக்காரருடைய குவார்ட்டர்ஸ் பறிபோகவில்லை. மாவு பிசையும் வேலைக்கு அவர் கை இனி ஆகாது, ஸ்டோரில் சீட்டுக் கொடுக்கிற வேலையில் வைத்தார்கள். கம்பெனி தன் தவறென்று எழுதிக் கொடுத்தது. ஃபிட்டரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். மூடியைக் கழற்றினால் மெஷினே ஓடாதபடி ஒரு பூட்டும் வந்தது.

இவளை மட்டும் அவர்கள் மறக்கவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நான் சீட்டு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அவளோடு கூடவே போய் நின்றேன். அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிளார்க் ஒரு காகிதத்தை நீட்டினார். அழைக்காமல் விசாரணையில் தலையிட்டதற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பாக்கிங்குக்கே திரும்பலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

அவள் வழக்கம் போல வாய்விட்டு வாசித்தாள். "அண்ணே, இதை நான் சொன்னேனா?"

கிளார்க் பாவம், நெளிந்தார். "நீ சொல்லலைம்மா. மேலேருந்து டைப் அடிச்சு வந்தது."

"அப்ப சொன்னவங்களே கையெழுத்துப் போடட்டும்."

பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள். நான், "கொஞ்சம் யோசிடி," என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் சாப்பாட்டு டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். மாவு ஹால் வாசலில் முப்பது பேரும் வந்து நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் விசில் ஊதினார், அப்போதும் நகரவில்லை. அவள் தெருமுனை திரும்பி மறைந்த பிறகுதான் உள்ளே போனார்கள்.

ஏழு மாதம் அந்த வீட்டில் கஷ்டம். அவள் தையல் எடுத்தாள், நாங்கள் உறவுக்காரர்கள் எங்களால் ஆனதைச் செய்தோம், அவள் மகள் பத்தாவது தேறினாள். என் ஓரகத்திகூட, "ஒரு கையெழுத்துல போயிருக்க வேண்டியது," என்று சொன்னாள். "அது உங்க தங்கச்சிக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போடலை," என்றேன் நான். அப்படிச் சொல்ல எனக்கும் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் அந்த இன்ஸ்பெக்டரம்மா எங்கோ சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து அவளைத் தேடிப் பிடித்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. புருஷன் காலமாகிவிட்டார். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், கூப்பிட்டும் இவள் போகவில்லை. இப்போது அவளுக்கு அறுபது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பார்க்கிற ஏழாம் நம்பர் அறையில், டாக்டர் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில், திங்கள் முதல் சனி வரை, காலை எட்டிலிருந்து மத்தியானம் இரண்டு வரை, தமிழ் தெரியாத நோயாளிகளை வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லி, டாக்டருக்கு மொழிபெயர்த்துக்கொண்டு இருக்கிறாள்.